பள்ளமும் மேடும்: குயில்ட்களில் இயற்கை

1895 பிப்ரவரியில் அமெரிக்காவின் தென்மாநிலங்களைக் கடுங்குளிர் ஒன்று முடக்கிப்போட்டது. ஜார்ஜியா மாநிலத்தில் ஏதென்ஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில் வாழ்ந்த ஹேரியட் பவர்ஸ் அந்தக் குளிரை ஒரு குயில்ட்டில், அதாவது பஞ்சடைத்த போர்வையில், தைத்து வைத்தார். ஒரே ஒரு கட்டம்தான். அதற்குள் ஜெபித்தபடியே உறைந்துபோன ஒரு பெண், வாசல் கதவருகே உறைந்த இன்னொருத்தி, மாவு மூட்டையோடு விறைத்துப்போன ஓர் ஆள். கூடவே ஒரு கோவேறு கழுதை. அது விட்ட மூச்சு பனிக்குச்சியாகத் தொங்குகிறது. நீலக்குருவிகள் அத்தனையும் அந்தக் குளிரில் செத்துப்போயின என்று, குயில்ட்டோடு எழுதி வைக்கப்பட்ட அவருடைய விளக்கம் சொல்கிறது.

1898 வாக்கில் முடிந்த அந்தக் குயில்ட் இப்போது பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 15 கட்டங்கள். பெரும்பாலானவை பைபிள் கதைகள். மற்றவற்றில் பல வானமும் வானிலையும். 1780 மே 19 அன்று நடுப்பகலில் இருட்டிப்போன நாள் ஒரு கட்டம். மாடுகள் படுத்துவிட்டன, கோழிகள் அடைந்துவிட்டன. கனடாவில் எரிந்த காட்டுத்தீயின் புகைதான் அந்த இருட்டுக்குக் காரணம் என்பதை, மரவளையங்களில் பதிந்திருந்த தீத்தழும்புகளை வைத்து இந்த நூற்றாண்டில்தான் ஆய்வாளர்கள் உறுதிப்படுத்தினார்கள். 1833 நவம்பர் 13 இரவு விண்கற்கள் மழையாகக் கொட்டியது இன்னொரு கட்டம். பவர்ஸ் பிறந்ததோ 1837-இல், அடிமையாக. இரண்டையும் அவர் கண்ணால் பார்த்திருக்க வழியில்லை. அடிமைக் குடிசைகளில் வாய்வழியாக வந்த வானிலைக் கதையைத் துணிக்கு மாற்றியிருக்கிறார். எழுத்தில் பதியாத மக்களின் நினைவுக்கு அந்தத் துணி ஏடாக இருந்தது.

அவருடைய இன்னொரு குயில்ட்டின் கதையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பைபிள் குயில்ட் என்று பெயர். 1886-இல் ஏதென்ஸ் பருத்திக் கண்காட்சியில் அதைப் பார்த்த ஜென்னி ஸ்மித் என்ற ஓவிய ஆசிரியை விலைக்குக் கேட்டார். பவர்ஸ் தர மறுத்தார். சில வருடம் கழித்துக் கையில் காசில்லாமல் போனபோது பத்து டாலர் சொல்லி, ஐந்து டாலருக்குக் கொடுத்தார். கொடுத்த பிறகும் பலமுறை வந்து அதைப் பார்த்துவிட்டுப் போனாராம். வாங்கியவர் தன்னிடம் மிஞ்சும் வெட்டுத்துணிகளையெல்லாம் எடுத்து வைத்துத் தருவதாகச் சொன்னதில்தான் கொஞ்சம் ஆறுதல். அந்தக் குயில்ட் இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இயற்கையை, விலங்குகளை, நிலக்காட்சியைப் பொருளாகக் கொண்ட கலைக் குயில்ட்கள் இன்று உலகம் முழுக்க ஆயிரக்கணக்கில் தைக்கப்படுகின்றன. கண்காட்சிகள், அருங்காட்சியகங்கள், சங்கங்கள், பரிசுகள் எல்லாம் உண்டு. அவற்றின் படங்களையும் வரலாற்றையும் பல வருடங்களாகத் தேடிப் படித்து வருகிறேன். இத்தனைக்குப் பிறகும் அந்தக் கழுதையின் மூச்சுக்கு ஈடாக என் மனதில் நிற்பவை கொஞ்சம்தான். ஏன் என்று யோசித்ததில் பிறந்தது இந்தக் கட்டுரை.

குயில்ட் என்றால் என்ன என்பதை முதலில் கையால் தொட்டுப் பார்ப்பதுபோலச் சொல்லிவிட வேண்டும். மூன்று அடுக்கு. மேலே ஒட்டுப்போட்டோ துணிமேல் துணி வைத்தோ செய்த மேல்துணி, நடுவில் பஞ்சு, கீழே அடித்துணி. இந்த மூன்றையும் ஊடுருவிப் போகும் தையல்தான் குயில்ட்டிங். மேல்துணி எவ்வளவு அழகாக இருந்தாலும், இந்தத் தையல் விழாதவரை அது வெறும் ஒட்டுத்துணிதான். ஊசி இறங்கும் இடத்தில் பஞ்சு அமுங்கிப் பள்ளமாகிறது; தையல் விழாத இடம் மேடாக எழும்பி நிற்கிறது. பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்தால் ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு நிழல். ஓவியன் நிழலை வண்ணத்தால் தீட்ட வேண்டும். குயில்ட்டில் நிழல் தானாக விழுகிறது. வெளிச்சம் மாறினால் நிழலும் மாறுகிறது. நிலமும் அப்படித்தானே இருக்கிறது.

இதைப் புரிந்துகொள்ள நானே ஒரு முறை முயன்று பார்த்தேன். தையல் மிஷினில் துணியைப் பின்னுக்குத் தள்ளும் பல் இருக்கிறதே, அதை இறக்கிவிட்டால் மிஷின் துணியை இழுக்காது. கை தள்ளும் பக்கமெல்லாம் தையல் ஓடும். ஊசி நின்ற இடத்திலேயே குத்திக்கொண்டிருக்க, அதன் அடியில் துணியை நகர்த்தி வரைய வேண்டும். பேனா அசையாமல் இருக்க, தாளை அசைத்து எழுதுவதுபோல. ஒரு வெள்ளைத் துணியில் கொக்கு ஒன்றை இப்படித் தைக்க உட்கார்ந்தேன். சிறகு சிறகாகக் கொக்கின் உடம்பை நிரப்பினேன். முடித்துப் பார்த்தால் கொக்கு நசுங்கிக் கிடந்தது. சுற்றியிருந்த வானம் உப்பிக்கொண்டு நின்றது. தப்பு எங்கே என்று அப்போதுதான் விளங்கியது. கொக்கு எழும்ப வேண்டுமானால் கொக்கைத் தைக்கக் கூடாது. அதைச் சுற்றியிருக்கும் தண்ணீரையும் நாணலையும் நெருக்கித் தைக்க வேண்டும். எதைக் காட்ட வேண்டுமோ அதை விட்டுவிட்டு, மற்றதையெல்லாம் அமுக்க வேண்டும். இந்தக் கலையின் இலக்கணம் முழுக்க அதில் இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன்.

இயற்கை எப்படிக் குயில்ட்டுக்குள் வந்தது என்று பின்னோக்கிப் போனால், வழி நம் கடற்கரையில் வந்து முடிகிறது. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் சோழமண்டலக் கரையிலிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பல் கப்பலாகப் போனது சீட்டித் துணி. மசூலிப்பட்டினத்திலிருந்து நாகப்பட்டினம் வரை இந்தக் கரையெங்கும் அதற்குப் பட்டறைகள் இருந்தன. துணியைக் கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப் பாலிலும் ஊறவைத்து, படிகாரத்தையும் இரும்புக் கரைசலையும் கலம் என்ற எழுதுகோல் கொண்டு வரைந்து, சாயவேர்ச் சாற்றில் கொதிக்கவிட்டால் செம்மை ஏறும். நீலத்துக்கு மெழுகு பூசி அவுரிச் சாயத்தில் தோய்ப்பார்கள். துவைத்தாலும் போகாத அந்தச் சிவப்பு ஐரோப்பாவுக்கு அப்போது கைவராத வித்தை. சாயவேர் கடலோர மணலில் விளைவது. தமிழகக் கரையிலும் யாழ்ப்பாணம், மன்னார்ப் பக்கத்து மணலிலும் தோண்டி எடுத்தார்கள்.

இந்தத் துணிகளில் பெரியது கட்டில் விரிப்பு. அடியில் பாறைக்குன்று, அதிலிருந்து வளைந்து நெளிந்து எழும் ஒரு மரம், ஒரே மரத்தில் பத்து விதப் பூ, கிளைகளில் மயிலும் பெயர் தெரியாத பறவைகளும். அப்படி ஒரு மரம் எந்தக் காட்டிலும் இல்லை. லண்டன் வியாபாரி அனுப்பிய மாதிரியும் சீனத்துப் பாறையும் நம் ஊர்க் கலம்பிடிப்பவரின் கற்பனையும் சேர்ந்து முளைத்த மரம் அது. இங்கிலாந்தில் நெசவாளர் எதிர்ப்பு கிளம்பி, 1700-இல் சீட்டி இறக்குமதிக்கும், 1720-இல் அதை உடுத்துவதற்கும் பயன்படுத்துவதற்கும் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். 1774 வரை அந்தத் தடை நீடித்தது. தடை துணியை இன்னும் அருமையாக்கியது. கிழிந்த சீட்டியைக்கூட யாரும் வீசவில்லை. அதிலிருந்த மயிலையும் பூவையும் கிளையையும் தனித்தனியாகக் கத்தரித்து, வெறும் வெள்ளைத் துணியில் வைத்துத் தைத்தார்கள். ஒரு துணியின் பறவை இன்னொரு துணியின் கிளையில் போய் உட்கார்ந்தது. அமெரிக்கக் குடியேற்றங்களுக்கும் அந்த வழக்கம் போனது. பிற்காலத்தில் இதற்குப் பாரசீகப் பூவேலை என்று பொருள்படும் பிரெஞ்சுப் பெயர் ஒன்றை வைத்தார்கள். அது பாரசீகமும் இல்லை, பூவேலையும் இல்லை. மேற்கத்தியக் குயில்ட் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் அந்தப் பெயரில் என் மனம் இடறுகிறது. அந்தப் பறவைகளை வரைந்த கைகளில் ஒன்றின் பெயர்கூட நமக்குத் தெரியாது.

சீட்டி வாங்க வசதியில்லாதவர்கள் என்ன செய்தார்கள்? கிடைத்த கந்தலை முக்கோணமாகவும் சதுரமாகவும் வெட்டினார்கள். வெட்டிச் சேர்த்த வடிவத்துக்குக் கண்ணில் பட்டதன் பெயரை வைத்தார்கள். பெரிய முக்கோணம் ஒன்று, இருபுறமும் சிறிய முக்கோணங்கள். இவற்றை வரிசையாக அடுக்கினால் அது ‘பறக்கும் வாத்துகள்’. இலையுதிர் காலத்தில் தலைக்கு மேல் தெற்கே போகும் காட்டுவாத்துக் கூட்டத்தைப் பார்த்தவர்கள் வைத்த பெயர். ‘கடல் அலைகள்’, ‘கடற்புயல்’, ‘பைன் மரம்’ என்றெல்லாம் உண்டு. சதுரமும் பல்பல்லான முக்கோணங்களும் சேர்ந்த ஒரு வடிவத்தை மேற்குப் பக்கம் குடியேறியவர்கள் ‘கரடிப் பாதம்’ என்றார்கள். அதே வடிவம் நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் ‘சேற்றில் வாத்துக்கால்’. கரடி இல்லாத ஊரில் வாத்துதானே தெரியும். வெறும் கணக்கு வடிவம்தான். ஆனால் அதைத் தைத்தவர்கள் நிலத்தைப் பார்த்துக்கொண்டே தைத்தார்கள். இயற்கைக் குயில்ட் என்றதும் சிங்கமும் சூரிய அஸ்தமனமும் மட்டுமே நினைவுக்கு வரும் இன்றைய பார்வையாளருக்கு இதைச் சொல்லத் தோன்றுகிறது.

ஹவாய்த் தீவுகளின் கதை தனி. 1820-இல் மதப் பிரசாரகர்களின் மனைவிமார் கப்பலில் வந்திறங்கி அரசகுலப் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுத்தார்கள். நல்ல முழுத் துணியைத் துண்டு துண்டாக வெட்டி மறுபடி ஒட்டவைப்பதில் அவர்களுக்கு என்ன அர்த்தம் தெரிந்திருக்கும்? நாளடைவில் அவர்கள் தங்களுக்கென்று ஒரு வழி கண்டார்கள். ஒரு நிறத்து முழுத் துணியை எட்டாக மடித்து, ஒரே வெட்டில் இலையையும் காயையும் கத்தரித்து, விரித்து, வெள்ளையின் மேல் வைத்துத் தைத்தார்கள். ஈரப்பலா அவர்களுக்கு உகந்த வடிவம். வெளுத்து உலர்த்திய துணியில் ஈரப்பலா இலையின் நிழல் விழுந்ததைப் பார்த்துத்தான் இது பிறந்தது என்று அங்கே ஒரு கதை சொல்வார்கள். கதை உண்மையோ இல்லையோ, மடித்து வெட்டிய இலைகள் நடுவிலிருந்து எட்டுத் திசைக்கும் விரியும்போது, மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்ப்பதுபோலவே இருக்கும். அதைவிட எனக்குப் பிடித்தது அவர்களின் குயில்ட்டிங். இலையின் ஓரத்தை ஒட்டி ஒரு தையல் வரி. அதற்கு வெளியே ஏறக்குறைய அரை அங்குலம் தள்ளி இன்னொன்று. அப்படியே துணியின் விளிம்பு வரை. பள்ளமும் மேடுமாகப் போகும் அந்த வரிகளைக் கரைக்கு வரும் அலைகள் என்கிறார்கள். தீவை நீரால் சுற்றிக் காட்ட அவர்களுக்குத் துளி நீலம்கூடத் தேவைப்படவில்லை.

வங்காளத்துக் காந்தாவிலும் இதேபோல ஒன்று நடக்கிறது. நைந்துபோன சேலைகளை அடுக்கி, கரையிலிருந்து உருவிய நூலாலேயே தைப்பார்கள். நடுவில் தாமரை, மூலைக்கொரு மரம், இடையில் மீனும் யானையும். உருவங்களுக்கு நடுவே மிஞ்சிய வெள்ளையையும் சும்மா விடுவதில்லை. பொடிப்பொடியான ஓட்டுத் தையலால் நிரப்பிவிடுவார்கள். அதனால் துணி முழுக்கச் சிறு சுருக்கம் விழுந்து, காற்றில் சிலிர்க்கும் குளத்துநீர்போல ஆகிவிடுகிறது. கலை வரலாற்றறிஞர் ஸ்டெல்லா கிராம்ரிஷ் சேகரித்த காந்தாக்கள் பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நம் பக்கத்தில் போர்வையாக அல்லாமல் தேருக்குத்தான் இந்தக் கைவேலை வளர்ந்தது. தேரில் தொங்கும் தொம்பையில் துணிமேல் துணி வைத்துத் தைத்த யாளியையும் தாமரையையும் பார்க்காதவர் யார்? நடுவில் பஞ்சு இல்லாததால் அதைக் குயில்ட் என்று சொல்ல முடியாது. உறவுமுறையில் பெரியம்மா மகள் என்று சொல்லலாம்.

சுவரில் மாட்டும் குயில்ட் தனிக் கலையாக நிலைபெற்ற வரலாறு பலரும் எழுதியது. 1971-இல் நியூயார்க் விட்னி அருங்காட்சியகம் பழைய குயில்ட்களை ஓவியம்போலச் சுவரில் மாட்டியது. 1979-இல் ஒஹாயோவின் ஏதென்ஸ் நகரில் (பவர்ஸின் ஊரோடு பெயர் ஒன்றானது தற்செயல்) பழைய மாட்டுப்பண்ணைக் கொட்டகை ஒன்றைச் சீர்படுத்தி, நான்சி குரோ முதலானோர் குயில்ட் நேஷனல் கண்காட்சியைத் தொடங்கினார்கள். 1989-இல் இவோன் போர்செல்லா கலைக் குயில்ட்காரர்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்தார். 1991-இல் கென்டக்கி மாநிலத்தின் படூக்காவில் குயில்ட்டுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் வந்தது. 2019-இல் சென்னையிலேயே குயில்ட் திருவிழா நடந்தது.

இந்த வரிசையில் 1989-ஐக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கேரில் பிரையர் ஃபாலர்ட் விமானப் பணிப்பெண்ணாக வேலை பார்த்தவர். அவர் செய்த ‘கரோனா II’ முழுச் சூரிய கிரகணத்தைப் பற்றியது. தானே சாயமேற்றிய துணிகள். கறுத்த வட்டத்தைச் சுற்றிக் கதிர்கள் சுழன்று விரிகின்றன. அந்த ஆண்டு படூக்காவில் அமெரிக்கன் குயில்டர்ஸ் சொசைட்டியின் தலையாய பரிசு அதற்குக் கிடைத்தது. குயில்ட்டிங் முழுக்க மிஷினில் போட்டது. அதுவரை கைத்தையலுக்கே அந்தப் பரிசு என்றிருந்ததால், மிஷின் தையலும் கலையா என்று பெரிய சர்ச்சை எழுந்தது. என்னைக் கேட்டால், சூரியனின் ஒளிவட்டத்துக்கு மிஷின்தான் சரி. கைத்தையலில் ஒவ்வொரு தையலுக்கும் இடையே ஓர் இடைவெளி இருக்கும். கோடு விட்டுவிட்டுத் தெரியும். அது மூச்சுவிடும் கோடு, அலைக்கும் வயலுக்கும் பொருந்துவது. கதிருக்கு அறுபடாத கோடு வேண்டும்.

சமகாலத்தவரில் நான் முதலில் வைப்பது ரூத் மக்டவலை. மாசசூசெட்ஸ்காரர், எம்.ஐ.டி.யில் படித்தவர். மாடு, பூ, மரம் என்று வீட்டைச் சுற்றிக் கண்ணில் படுவதைத்தான் செய்கிறார். ஆனால் துணிமேல் துணி ஒட்டுவது அவர் வழியல்ல. பழைய பாட்டிமார்போலத் துண்டோடு துண்டை விளிம்பில் சேர்த்துத் தைக்கிறார். மாட்டின் முதுகு வளைவை எந்த ஒழுங்கில் உடைத்தால் நேர்த்தையலில் சேரும் என்று முதலில் தாளில் கணக்குப் போட வேண்டும். அவர் எடுக்கும் துணிகளைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். மாட்டுக்கு மாட்டுத்தோல் நிறத்தைத் தேடமாட்டார். கட்டம் போட்ட சட்டைத்துணி, பூப்போட்ட ஜன்னல் திரை என்று சம்பந்தமில்லாதவற்றை அருகருகே வைப்பார். கிட்டத்தில் நின்றால் கட்பீஸ் கடைபோல இருக்கும். பத்தடி பின்னால் போனால் பசு உங்களைத் திரும்பிப் பார்க்கும்.

இதற்கு நேர்மாறான ஒன்று இப்போது சந்தையில் எளிதாகக் கிடைக்கிறது. மரப்பட்டை அச்சடித்த துணி, மேகம் அச்சடித்த துணி, கூழாங்கல் அச்சடித்த துணி. வெட்டி ஒட்டினால் நிலக்காட்சி தயார். ஒரு படி மேலே போய், புலியின் புகைப்படத்தைத் துணியில் அச்சிட்டு, மீசைக்கு மேல் மீசையும் கோட்டுக்கு மேல் கோடுமாகத் தைத்துக் கண்காட்சிக்கு அனுப்புகிறார்கள். உழைப்பு நிறைய இருக்கிறது, மறுக்கவில்லை. மாதக்கணக்கில் குனிந்து தைத்தவரின் முதுகுவலியை நான் மதிக்கிறேன். ஆனால் பார்த்ததும் வரும் வியப்பு ‘போட்டோ மாதிரியே இருக்கே’ என்பதோடு நின்றுவிடுகிறது. போட்டோ மாதிரி இருக்கத்தான் போட்டோ இருக்கிறதே. துணி தன்னை மறைத்துக்கொள்ளும் இடத்தில் எனக்கு இந்தக் கலை முடிந்துபோகிறது. பவர்ஸின் கழுதை ஒரு நிறத்துப் பருத்தித் துண்டு. அதைக் கழுதை என்று நம்பவைக்க அவர் முயலவே இல்லை. வெட்டிய விளிம்பின் சாய்விலேயே அது குளிரில் நிற்கும் கழுதையாகிவிடுகிறது.

ஜப்பானின் நோரிகோ எண்டோ துணியைப் பொடியாக நறுக்குகிறார். கறிவேப்பிலை நறுக்குவதுபோல, விரல்நகத்தைவிடச் சிறிய துணுக்குகள். அவற்றை அடித்துணியின் மேல் கைகளால் தூவி, இங்கே கொஞ்சம் மஞ்சள், அங்கே கொஞ்சம் பச்சை என்று ஒரு காட்டையே பரப்புகிறார். பிறகு மெல்லிய நெட் துணியால் மூடி, எல்லாம் இடம் பெயராமல் மிஷினில் தைத்துவிடுகிறார். துணுக்கு ஒவ்வொன்றும் ஏற்கெனவே வேறெங்கோ பூவாகவோ கோடாகவோ இருந்தது. இப்போது எதுவும் அடையாளம் தெரியவில்லை. காட்டுத்தரையில் உதிர்ந்த இலை மட்கி மண்ணாவதும் அப்படித்தான். இலையுதிர் காலத்துப் பாதைகளை அவர் திரும்பத் திரும்பச் செய்வதற்கு அதுவே காரணமாக இருக்கலாம் என்று எனக்குப் படுகிறது. மேலே மூடிய நெட் காலைநேரத்து மூடுபனியின் வேலையைச் செய்கிறது.

கலிபோர்னியாவின் வெல்டா நியூமேன் அளவால் அடிக்கிறவர். ஹைட்ரேஞ்சியா, சின்னியா என்று தோட்டத்துப் பூக்களையே எடுக்கிறார். ஆனால் ஒவ்வொரு பூவும் மனிதத் தலையைவிடப் பெரிதாகச் சுவரை நிறைக்கும். 1989-இல் செய்த ‘ஹைட்ரேஞ்சியா’ கையால் தைத்தது. அத்தனை இதழையும் விளிம்பு மடித்துக் கையால் தைத்திருக்கிறார் என்பது தெரியும்போது, அந்தப் பூவின் முன் நாம் வண்டு அளவுக்குச் சிறுத்துவிடுகிறோம்.

விலங்குகளைத் தைப்பவர்களிடம் எனக்கு ஒரு குறை உண்டு. புலி, யானை, ஆந்தை, ஓநாய். எங்கே போனாலும் இவைதான். அருகிவரும் உயிர்களுக்காக என்று தொகுக்கும் கண்காட்சிகளிலும் அழகான முகம் உள்ளவற்றுக்கே இடம் அதிகம். அதனால்தான் ஆஸ்திரேலியாவின் அன்னமீக் மெய்ன் எனக்கு முக்கியமானவர். நெதர்லாந்தில் 1944-இல் பிறந்து, சிறுமியாக ஆஸ்திரேலியா வந்தவர். விக்டோரியா மாநிலத்தின் கிப்ஸ்லாந்து பகுதியில் இருந்துகொண்டு அவர் தைத்தது அந்துப்பூச்சிகளையும் தும்பிகளையும் தவளைகளையும். தும்பியின் இறக்கையைப் பிடித்து வெயிலில் பார்த்திருக்கிறீர்களா? கண்ணாடித் தகட்டுக்குள் நரம்பு ஓடி, சின்னச் சின்ன அறைகளாகப் பிரிந்திருக்கும். ஒளி ஊடுருவும் துணியும் நூலும் அதற்கென்றே இருப்பவைபோல இருக்கின்றன. மெய்ன் பூச்சியைப் பலமடங்கு பெரிதாக்கி, பஞ்சு திணித்து, புடைப்பாக எழுப்பினார். கறாராகப் பார்த்தால் பலவற்றைக் குயில்ட் என்பதைவிடத் துணிச் சிற்பம் என்பதே பொருந்தும். 1992-இல் வெளிவந்த அவருடைய புத்தகம் உலகெங்கும் உள்ள தையற்காரர்களைப் பூச்சியின் பக்கம் திருப்பியது. கம்பளிப்பூச்சியை அருவருக்காமல் பார்க்கக் கற்றுத்தந்த புத்தகம் என்று அதை நான் சொல்வேன்.

ஸ்காட்லாந்தின் எல்லைப்புறத்தில் வாழும் பாலின் பர்பிட்ஜ் 1950-இல் பிறந்தவர். தொடக்கத்தில் கறாரான கணித வடிவங்கள். பிறகு தண்ணீரில் தெரியும் பிம்பங்கள். கடைசியில் அவர் வந்து சேர்ந்தது லிண்டிஸ்ஃபார்ன் போன்ற கடலோர நிலங்கள். நிறத்தை ஏறக்குறைய விட்டுவிட்டார். வெள்ளை, கறுப்பு, சாம்பல், மற்றதெல்லாம் தையல். அலை பின்வாங்கிய மணலில் வரிவரியாக நிற்கும் ஈரத்தை அவர் துணி நினைவுபடுத்துகிறது. ஒரு நிலத்தில் பல வருடம் நடந்தவருக்கு மட்டும் தெரியும் விஷயம் அதில் இருக்கிறது.

அருங்காட்சியகங்களில் இந்த நிலங்களையெல்லாம் மங்கிய வெளிச்சத்தில்தான் பார்க்க முடியும். துணியின் சாயத்தை ஒளி தின்றுவிடும் என்பதால் 50 லக்ஸுக்கு மேல் விளக்குப் போடமாட்டார்கள். சில மாதம் மாட்டிவிட்டுச் சுருட்டி இருட்டறையில் வைத்துவிடுவார்கள். கண் பழகச் சற்று நேரமாகும். பழகிய பிறகு முதலில் துலங்குவது நிறம் அல்ல, பள்ளமும் மேடும்தான்.

கடைசியாக லிண்டா காஸ். மென்பொருள் துறையை விட்டு வந்தவர். கலிபோர்னியாவின் தண்ணீர்தான் அவருடைய பொருள். வெள்ளைப் பட்டில் சாயம் தீட்டி, பஞ்சு வைத்து, மிஷினில் தைக்கிறார். நிலத்தை மேலேயிருந்து பார்ப்பவர் அவர். நதியும் கால்வாயும் வயலும் வரைபடம்போல விரியும். 2013-இல் யோசெமிட்டி அருகே பரவிய ரிம் காட்டுத்தீ ட்வாலமி நதியின் நீர்ப்பிடிப்பை என்ன செய்தது என்பதற்கு ஒரு குயில்ட். சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் உப்பளங்களுக்கு ‘உப்பு வயல்கள்’ என்று 2007-இல் ஒரு குயில்ட்.

இந்த உப்பளக் குயில்ட்டின் படத்தை முதலில் பார்த்தபோது தூத்துக்குடிக்கும் மரக்காணத்துக்கும் போய்வந்த கண்ணுக்கு அது அந்நியமாகவே தெரியவில்லை. பாத்தி பாத்தியாகத் தண்ணீர். ஒன்று பச்சை, ஒன்று ஆரஞ்சு, ஒன்று ரத்தச் சிவப்பு. உப்பு ஏற ஏற அதில் வாழும் நுண்ணுயிர்கள் மாறுகின்றன. அவற்றின் நிறமே தண்ணீரின் நிறம். விமானத்திலிருந்து பார்ப்பவர்கள் அழகு என்று படமெடுக்கிறார்கள். அழகுக்கு அடியில் இருப்பது, ஒரு காலத்தில் ஏற்றவற்றம் பாய்ந்துகொண்டிருந்த சதுப்பு நிலம். கொக்கும் உள்ளானும் இரை தேடிய சேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து கரை கட்டி அடைத்து உப்பு விளைத்தார்கள். காஸ் இரண்டையும் ஒரே பட்டில் வைக்கிறார். கண்ணைப் பறிக்கும் நிறமும் இருக்கிறது, அதை அடைத்து வைத்த கரையும் இருக்கிறது. கரை என்பது இங்கே வரைந்த கோடு இல்லை. மூன்று அடுக்கையும் குத்தி இறுக்கிய தையல். பாத்திக்குள் பட்டு உப்பிக்கொண்டு நிற்கிறது, கரையை முட்டுகிற தண்ணீர்போல.

2003-இல் அந்த உப்பளங்களில் 15,100 ஏக்கரை அரசுத் துறைகள் வாங்கின. கரைகளை உடைத்துக் கடலை மறுபடி உள்ளே விடும் வேலை நடந்துவருகிறது. திறந்துவிட்ட பாத்திகளில் சிவப்பு போய்விட்டது. வண்டல் படிந்து, சதுப்புச் செடி முளைத்து, பறவைகள் இறங்குகின்றன.